குழந்தைத் தொட்டியில் போன ஈமெயில்

குறைவாகப் பேசுகிறவனை ஊர் விவரமானவன் என்று நினைத்துக்கொள்ளும். அது சரியில்லை. சொல்ல ஒன்றும் இல்லாததாலும் ஒருவன் பேசாமல் இருக்கலாம். நான் அந்த வகை.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. (நான்தான் அதை விட்டதாக வீட்டில் சொல்லி வைத்திருக்கிறேன்.) அதன் பிறகு கண்டி டவுனில் ஹாஜியாரின் பிளாஸ்டிக் சாமான் கடை. வாளி, பேசின், கூடை, கதிரை, குப்பைத் தொட்டி. மேல்மாடியில் ஸ்டோர். ஸ்டோரின் மூலையில் ஒரு மேசை. மேசையில் ஒரு கம்ப்யூட்டர். அதைத் தூசு தட்டுவது என் வேலை. எனக்கும் அதற்கும் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

ஆனால் பன்விலயில் என் மாமனார் வீட்டில் கதை வேறு. பெண் பார்க்கப் போன அன்று, "மாப்பிள்ளைக்கு என்ன வேல?" என்று மாமா கேட்டார். "கண்டியில. கம்ப்யூட்டர் இருக்கிற எடத்துல" என்று என் சித்தப்பா சொன்னார். அதில் பொய் ஒரு சொல் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினேன்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் கம்ப்யூட்டர் மாப்பிள்ளை. ரேடியோ பாடாவிட்டாலும் என்னிடம்தான் கொண்டு வருவார்கள். நான் வாங்கிப் பார்ப்பேன். ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுப்பேன். "மாப்பிள்ளையே பேசல. அப்ப இது சரிவராது" என்று மாமா அதைத் தூக்கி எறிவார்.

இது மின்வெட்டுக் காலத்தில் நடந்தது. பேப்பரில் நேர அட்டவணை போட்டுக் கரண்டை வெட்டிய காலம். பெட்ரோலும் இல்லை. ஆட்டோக்கள் எல்லாம் ரோட்டோரம் வரிசையில் தூங்கின.

என் மனைவி ஜெயந்திக்கு ஒரு தங்கச்சி. பெயர் நிரோஷா. ஏ.எல். பரீட்சை பாஸ் பண்ணி, வத்தேகமயில் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். பல்லேகலயில் ஒரு ஃபெக்டரியில் ஸ்டோர்ஸ் கம்ப்யூட்டர் வேலைக்கு ஆள் கேட்டிருந்தார்கள். மாமா ஏற்கெனவே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். இந்த வேலை சரிவராவிட்டால் அவளைக் கொழும்பில் சொந்தக்காரரின் துணிக்கடைக்கு அனுப்புவது. காலையிலிருந்து கடை சாத்தும் வரை நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டும் வேலை. உட்காரக் கதிரை கிடையாது. நிரோஷாவுக்கு அதை நினைத்தாலே அழுகை வரும்.

விண்ணப்பத்தில் ஈமெயில் விலாசம் கேட்டிருந்தது. அவள் தன்னுடையதை எழுதப் போனாள். மாமா விடவில்லை.

"ஒன்னோட மெயில் எங்க இருக்கு?"

"போன்ல பாக்கலாம்ப்பா. எங்க வேணும்னாலும் பாக்கலாம்."

"அதான் சொல்றேன். எங்க வேணும்னாலும் இருக்கிற சாமானுக்கு என்ன மரியாத? மாப்பிள்ளை கட மெயிலுக்கு மேச இருக்கு, கதிர இருக்கு. அத போடு."

"ஐயோ அப்பா."

"மாப்பிள்ளை, நீங்க சொல்லுங்க."

நான் தலையாட்டினேன்.

ஒரு சனிக்கிழமை சாயந்திரம் ஹாஜியார் மாடியிலிருந்து கூப்பிட்டார். "குமாரு! ஒங்கட மச்சினிச்சிக்கி ஒரு மெயில் வந்தீக்கி!"

ஏறிப் போய்ப் பார்த்தேன். திரையில் இங்கிலீஷில் இருந்தது. ஹாஜியார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். திங்கட்கிழமை காலையில் இன்டர்வியூ. இந்த மெயிலைப் பிரின்ட் எடுத்து வர வேண்டும். பிரின்டரில் மை இல்லை. அது காய்ந்துபோய்ப் பல மாதம்.

நிரோஷாவுக்குப் போன் பண்ணினேன். சந்தோஷத்தில் கத்தினாள். பிறகு, "மச்சான், அத அப்படியே எனக்கு ஃபோர்வர்ட் பண்ணி விட்டுருங்க. நான் இங்க பிரின்ட் எடுத்துக்கிறேன்" என்றாள்.

ஃபோர்வர்ட் என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. தலையாட்டினேன். (போனில் தலையாட்டினால் கேட்காது. அவள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.)

எனக்குக் கவலை இல்லை. காரணம் இருந்தது. ஹாஜியாரின் மருமகன் கொழும்பிலிருந்து வருவார். கடையில் நின்றும் மெயில் பார்ப்பார். சலூனில் தலையைக் குனிந்துகொண்டும் பார்ப்பார். ஒரு நாள் போனில் சார்ஜ் இல்லை என்று பக்கத்துக் கடைக்காரரின் போனில் தன் மெயிலைப் பார்த்தார். அன்றே எனக்கு விளங்கிவிட்டது. மெயில் என்பது காற்று மாதிரி. எங்கே மூக்கை நீட்டினாலும் கிடைக்கும். திங்கட்கிழமை ஃபெக்டரிக்குப் பக்கத்தில் பிரின்ட், போட்டோகொப்பி எடுக்கிற ஏதாவது ஒரு கொமினிகேசன் கடையில் மூக்கை நீட்டிக்கொள்ளலாம் என்றிருந்தேன்.

திங்கட்கிழமை காலை, ஃபெக்டரி கேட்டில் நிரோஷா நின்றாள். புதுச் செருப்பு. கையில் ஃபைல். என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"மச்சான், பிரின்ட் கொண்டு வந்தீங்கதானே? நீங்க அனுப்பினது எனக்கு வந்து சேரல."

"நான் அனுப்பல."

"அன்னைக்கு அனுப்புறேன்னீங்களே?"

"தலையாட்டினேன்."

"போன்லயா?"

"ம்."

அவள் ஃபைலால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். கேட்டில் இருந்த செக்கியூரிட்டிக்காரர் எங்கள் இருவரையும் பார்த்தார். வயதான மனிதர், பெரிய மீசை. சிங்களவர். தமிழ் பேசுவார், தம்பியை மல்லி என்றும் தங்கச்சியை நங்கி என்றும்.

"பிரின்ட் இல்லாம உள்ள போக ஏலாது, மல்லி. பன்னெண்டு மணிக்கு இன்டர்வியூ முடியும்."

நிரோஷா அவருடைய கதிரையில் உட்கார்ந்துவிட்டாள். "சரி. நான் கொழும்புக்கு பேக்க கட்டுறேன்."

"இரு" என்றேன். "கொண்டாறேன்."

எதிரில் ஒரு கொமினிகேசன் கடை இருந்தது. யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர் நடத்தினார். கண்டியில் பெண் எடுத்து இங்கேயே தங்கிவிட்டவர். மெயில் பார்க்க வேண்டும் என்றேன். விலாசத்தை அடித்தார். பாஸ்வர்ட் கேட்டார். ஹாஜியாருக்குப் போன் போட்டேன். அவர் அலவத்துகொடயில் ஒரு நிக்காஹ் வீட்டில் இருந்தார். சாப்பாட்டுச் சஹன் தட்டுகள் வைக்கிற சத்தம் கேட்டது.

"மொதலாளி, மெயில் பாஸ்வர்ட் என்னங்க?"

"எனத்த? கேக்குதில்ல!"

"பாஸ்வர்ட்!"

"பெரிய வாளி!" என்று கத்தினார். "இங்கிலீஷ்ல எழுது! பெரிய வாளி! எல்லாம் ஒண்டா!"

(அந்த நிக்காஹுக்கு வந்திருந்த அத்தனை பேருக்கும் இன்றுவரை எங்கள் கடையின் பாஸ்வர்ட் தெரியும்.)

திறந்தது. உள்ளே மூன்று மெயில். ஒன்று பல் வைத்தியம். ஒன்று லீசிங். ஒன்று எங்களுக்கு லாட்டரி விழுந்திருப்பதாக. வேறு எதுவும் இல்லை. நிரோஷாவின் மெயில் இல்லை. ஹாஜியாரின் வியாபார மெயில்கள் இல்லை. துடைத்து வைத்த பேசின் மாதிரி இருந்தது.

"மொதலாளி" என்றேன். "மெயில் எல்லாம் களவு போயிருச்சி."

அந்தப் பக்கம் சஹன் சத்தமும் நின்றுவிட்டது. "யா அல்லாஹ்! எவன்டா எடுத்த?"

"தெரியலங்க."

"எதிர்க்கடக்காரன்! நான் அப்பவே செல்லல? அவன்ட பார்வயே சரியில்ல!"

யாழ்ப்பாணத்துக்காரர் என் கையிலிருந்து போனை மெல்ல வாங்கி, "ஹாஜியார், ஒருத்தரும் எடுக்கேல்லை, ஆறுதலாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லி வைத்துவிட்டார். பிறகு என்னைப் பார்த்தார்.

"தம்பி, கடையில அவர் எப்பிடி மெயில் பாக்கிறவர்? இன்டர்நெட் பக்கத்தைத் திறந்தோ?"

"இல்லண்ணே. திரையில ஒரு கவர் படம் இருக்கும். அத அமத்துவாரு. கொஞ்ச நேரம் கரகரன்னு சத்தம் போடும். அப்பறம் எல்லாம் வந்துரும்."

"ஓம், அதுதான் விசயம்." அவர் கதிரையில் சாய்ந்தார். "தம்பி, றோட்டில பொதுப் பைப் ஒண்டு இருக்கு எண்டு வையுங்கோ. ஆரும் வந்து, எப்பவும் வந்து, பிடிச்சுக் குடிக்கலாம். என்ர மெயில் அப்பிடி. எந்தக் கம்ப்யூட்டர்ல பாத்தாலும் இருக்கும். உங்கட ஹாஜியார்ட புரோகிராம் என்ன செய்யுதெண்டால், பைப்பில வந்த தண்ணியை எல்லாம் வாளியில பிடிச்சு, வீட்டுக்குள்ள கொண்டுபோய் வைச்சிடுது. பைப்படியில ஒண்டும் மிஞ்சாது. ஆரோ அப்பிடிச் செட் பண்ணி விட்டிருக்கினம்."

எனக்கு வாளி என்றால் விளங்கும். "அப்ப மெயில்?"

"கடையில. அந்தப் பெட்டிக்குள்ள. போய்த் திறந்து, எனக்கு அனுப்பி விடுங்கோ. நான் பிரின்ட் எடுத்துத் தாறன்."

கண்டிக்கு பஸ் ஏறினேன். அன்று பல்லேகல மைதானத்தில் கிரிக்கெட் மட்ச். ஊரே பல்லேகலவுக்கு வந்துகொண்டிருந்தது. எதிர்த்திசையில் போனது நான் மட்டும்தான். பஸ் காலி. சீக்கிரம் போய்விட்டேன்.

கடையைத் திறந்தேன். மாடி ஏறினேன். கம்ப்யூட்டர் பட்டனை அமத்தினேன். ஒன்றும் நடக்கவில்லை. மறுபடியும் அமத்தினேன். பிறகுதான் லைட்டைப் பார்த்தேன். எரியவில்லை. எங்கள் ஏரியாவுக்குக் காலையில் வெட்டு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகுதான் வரும்.

பல்லேகல ஃபெக்டரிப் பக்கம் கரண்ட் இருந்தது. என் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

நான் நிறைய யோசிக்கிறவன் இல்லை. அன்று யோசித்தேன். கரண்ட் கம்ப்யூட்டரிடம் வராது. ஆகவே கம்ப்யூட்டர் கரண்டிடம் போக வேண்டும். இதில் இன்றுவரை எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

ஹாஜியாருக்குப் போன் போட்டேன்.

"மொதலாளி, கம்ப்யூட்டர கொண்டு போகவா?"

"எங்க?"

"பல்லேகலைக்கு."

"ஏன்?"

"மெயில் அதுக்குள்ள இருக்கு."

அவர் எதையோ மென்றுகொண்டே யோசித்தார். "களவு போகல்லயா?"

"இல்லங்க. வாளிக்குள்ள இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ். கொண்டு பெய்த்து, நனையாம கொண்டு வா. எதிர்க்கடக்காரன்ட கண்ணுல காட்டாத."

அடுத்த சிக்கல். "அந்தப் பெட்டிக்குள்ள" என்று யாழ்ப்பாணத்துக்காரர் சொன்னார். எந்தப் பெட்டி? மேசையில் இருந்ததெல்லாம் பெட்டிதான். திரை ஒரு பெட்டி. மேசைக்குக் கீழே ஒரு பெட்டி. கரண்ட் போனால் கத்துகிற பெட்டி ஒன்று. மை காய்ந்த பிரின்டர். பாட்டுக் கேட்கிற இரண்டு குட்டிப் பெட்டி. எதற்குள் மெயில் இருக்கும் என்று யாரைக் கேட்பது? கம்ப்யூட்டர் மாப்பிள்ளை போய் யாரிடம் கேட்பது?

எல்லாவற்றையும் எடுத்தேன்.

கடையில் பாத்திரத்துக்குப் பஞ்சமில்லை. சக்கரம் வைத்த பெரிய பச்சைக் குப்பைத் தொட்டி ஒன்று இருந்தது. மூடி உண்டு, மழை போகாது. கீழ்ப் பெட்டி, கத்துகிற பெட்டி, பிரின்டர் எல்லாம் அதற்குள். குட்டிப் பெட்டிகள் ஆளுக்கொரு வாளியில், என் முழங்கையில். திரைக்குத்தான் இடம் தேடினேன். அது எதற்குள்ளும் படுக்கவில்லை. கடைசியில் குழந்தை குளிப்பாட்டுகிற ரோஸ் தொட்டியில் அச்சாகப் படுத்தது. மேலே ஒரு துவாயைப் போர்த்தினேன். மவுஸுக்குக் கீழே வைக்கிற விரிப்பையும் விடவில்லை. மெயில் அதன் மேல்தானே ஓடுகிறது.

திகன பஸ்ஸில் ஏற முடியாத கூட்டம். கொடி, ஊதுகுழல், மேளம். கொண்டக்டர் குப்பைத் தொட்டியைப் பார்த்தார். "இது எதுக்கு?" என்றார். "சாமான்" என்றேன். தொட்டிக்கும் ஒரு டிக்கட் போட்டார். நான் ரோஸ் தொட்டியை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். பஸ் வளைவில் சாயும்போது நானும் அதோடு சாய்ந்தேன். திரை உடைந்தால் ஹாஜியார் என்னை உடைப்பார்.

முன் சீட்டில் இருந்த ஒரு அக்கா சட்டென்று எழுந்தார். "ஐயோ தம்பி, இந்தக் கூட்டத்துல! உக்காருங்க, உக்காருங்க."

உட்கார்ந்தேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "தூங்குதா?"

"கரண்ட் இல்ல" என்றேன்.

அவருக்கு அது விளங்கவில்லை. "எத்தன மாசம்?"

வாங்கி எவ்வளவு காலம் என்று கேட்கிறார் போலும் என்று நினைத்தேன். "மூணு வருசம்."

அவர் தொட்டியின் அளவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு தென்னக்கும்புர பாலம் வரை யாரும் தொட்டியை இடிக்காமல் பார்த்துக்கொண்டார். இறங்கும்போது என் தோளைத் தொட்டு, "சாமி பாத்துக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மைதானத்துக்கு வெகுதூரம் முன்னாலேயே பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள். எல்லாரையும் இறக்கி நடக்கச் சொன்னார்கள். குப்பைத் தொட்டியை இழுத்துக்கொண்டு நடந்தேன். தார் ரோட்டில் அதன் சக்கரம் பேய்க் கூச்சல் போட்டது. ஒரு பையன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "மச்சான், இங்க பாருங்கடா! டிக்கட் கெடைக்கலன்னு டிவியோட வந்திருக்காரு!"

ரோட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டிப் பொலிஸ் மறித்தார்கள். ஒரு சார்ஜன்ட் துவாயை விலக்கிப் பார்த்தார். குப்பைத் தொட்டியைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். உள்ளே வயர்களும் பெட்டிகளும். அவருடைய முகம் மாறியது.

"மேக்க மொகத்த?" இது என்னவென்று கேட்டார்.

"ஈமெயில், சேர்."

"மொகத்த?"

"ஈமெயில்."

அவர் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் விஷயத்தைச் சொன்னேன். என் மச்சினிச்சிக்கு மெயில் வந்திருக்கிறது. மெயில் இதற்குள் இருக்கிறது. கண்டியில் கரண்ட் இல்லை. ஆகவே கொண்டுபோகிறேன். சொல்லும்போது எனக்கே சரியாகத்தான் இருந்தது.

சார்ஜன்ட் தொட்டியைத் தூக்கிப் பார்த்தார். முடியவில்லை. "ஒரு ஈமெயில் ஏன் இவ்வளவு பாரம்?"

"மூணு வருச மெயில், சேர்."

அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். தள்ளி நின்ற மற்றப் பொலிஸ்காரர்களைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவர்கள் வந்ததும், "இப்ப சொல்லு" என்றார். மறுபடியும் சொன்னேன். ஒருவர் தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். களவெடுத்த சாமான் இல்லை என்று உறுதிப்படுத்த ஹாஜியாருக்குப் போன் பண்ணினார்கள். ஸ்பீக்கரில் போட்டார்கள். ஹாஜியார் அரைத் தூக்கத்தில் இருந்தார். பொலிஸ் என்றதும் பதறி, சிங்களத்தில், "சேர், எல்லாம் எதிர்க்கடக்காரன் வேலை!" என்றார்.

எப்படியோ விட்டார்கள். விட்டது மட்டுமில்லை. சார்ஜன்ட் கயிற்றைத் தூக்கி, "ஈமெயிலுக்கு வழி விடு!" என்று கத்தினார். கூட்டம் இரண்டாகப் பிரிந்தது. மேளக்காரர்களுக்கு விஷயம் எட்டிவிட்டது. அவர்கள் என் பின்னால் சேர்ந்துகொண்டு வாசித்தார்கள். ஆட்டமும் இருந்தது. ரோஸ் தொட்டியை ஏந்தி, குப்பைத் தொட்டியை இழுத்து, முழங்கையில் வாளிகள் ஆட, நான் ஃபெக்டரி கேட் வரை நேராகப் பார்த்துக்கொண்டு நடந்தேன். என் வாழ்க்கையில் எனக்காக மேளம் அடித்தது இரண்டு தடவை. மற்றது கல்யாணம்.

கேட்டில் நிரோஷா இல்லை. கதிரை காலி. அவளுக்குப் போன் போட்டேன். அவள் போன் அணைந்திருந்தது. கொழும்புக்கே போய்விட்டாளோ என்று நினைத்தேன்.

"நங்கி உள்ளே" என்றார் மீசைக்காரர். அவர் பார்வை தொட்டியில் இருந்தது. "இது?"

"மெயில் கொண்டாந்திருக்கேன்."

அவர் வேலையில் சரியான மனிதர். உள்ளே போகிற சாமான் எதையும் பதியாமல் விடமாட்டார். புத்தகத்தை எடுத்தார். சாமானின் பெயர்? ஈமெயில். எத்தனை? ஒன்று. கையெழுத்துப் போட்டேன். பிறகு மேலே போன் பண்ணி, "மிஸ், ஈமெயில் வந்திருக்கு, ஆளோட" என்றார். மிஸ் என்ன விளங்கிக்கொண்டாரோ, அனுப்பச் சொல்லிவிட்டார்.

கதவைத் தட்டித் திறந்தேன். நீள மேசை. அந்தப் பக்கம் ஒரு மிஸ், டவுன் தமிழ்ப் பெண். பக்கத்தில் ஸ்டோர்ஸ் மெனேஜர், சிங்களவர். இந்தப் பக்கம் நிரோஷா, நிமிர்ந்து உட்கார்ந்து இங்கிலீஷில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் வசனம் பாதியில் நின்றது.

அறை முழுவதும் நின்றது. சக்கரம் மட்டும் ஒரு தடவை கீச்சிட்டது.

"யார் நீங்க?" என்று மிஸ் கேட்டார்.

"மெயில் கொண்டாந்திருக்கேன், மிஸ்."

"எந்த மெயில்?"

"நீங்க அனுப்புனது."

மிஸ் நிரோஷாவைப் பார்த்தார். "இவர தெரியுமா?"

நிரோஷா குப்பைத் தொட்டியைப் பார்த்தாள். ரோஸ் தொட்டியைப் பார்த்தாள். வாளிகளைப் பார்த்தாள்.

"தெரியாது, மிஸ்" என்றாள்.

எனக்குக் கோபம் வரவில்லை. அவள் இடத்தில் நானாக இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். சாமானை ஒவ்வொன்றாக மேசையில் இறக்கினேன். மிஸ் தடுக்கவில்லை. என்ன வரப்போகிறது என்று பார்க்கிற ஆசை அவருக்கு. வயர்களைச் செருக ஆரம்பித்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. பொருந்தியது எரியவில்லை. மவுஸ் விரிப்பை மேசையில் ஒழுங்காக விரித்தேன். பிறகு மவுஸைத் தேடினேன். மவுஸ் கண்டியில்.

நான் ஒரு வயரைத் திரைக்குப் பின்னால் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தேன். பலமாக.

"ஐயோ மச்சான், அது அதுல போகாது! உடைஞ்சிரும்!"

நிரோஷா எழுந்துவிட்டாள்.

மிஸ் பேனையை மேசையில் வைத்தார். "மச்சானா? இப்பதானே தெரியாதுன்னீங்க?"

நிரோஷாவின் முகம் காதுவரை சிவந்தது. "அக்காட மாப்பிள்ள, மிஸ்" என்றாள், மிகச் சின்னக் குரலில்.

மெனேஜர் சிரிக்க ஆரம்பித்தார். சத்தம் வராத சிரிப்பு. கதிரை மட்டும் ஆடியது.

"சரி" என்றார் மிஸ். "வந்தது வந்துட்டு. திறங்க, பாப்போம்."

நிரோஷா வந்தாள். என்னை இடுப்பால் தள்ளினாள். எங்கள் வயர்களில் பாதியைக் கீழே போட்டாள். மிஸ்ஸின் கம்ப்யூட்டரிலிருந்து மவுஸையும் ஒரு வயரையும் கேட்டு எடுத்தாள். கண் மூடித் திறப்பதற்குள் திரை எரிந்தது. கவர் படத்தை அமத்தினாள். கரகரவென்றது. மெயில் வந்தது. அவர்கள் அனுப்பியதேதான். மேலே ஒரு வாளி ஓடர், கீழே ஒரு பேசின் ஓடர், நடுவில் நிரோஷா.

மெனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். இன்டர்நெட் வயரே கொடுக்கவில்லை, எப்படி மெயில் வந்தது? உண்மையில் தெரியாமல் கேட்டாரா, சோதித்தாரா என்று தெரியவில்லை.

நிரோஷா என் முழங்கையிலிருந்து ஒரு வாளியைக் கழற்றினாள். உள்ளே இருந்த குட்டிப் பெட்டியை வெளியே வைத்தாள். "இது மச்சான் கட மெயில், சேர்" என்று வாளியைத் தூக்கிக் காட்டினாள். "புரோகிராம் ஒரு தடவ எறக்கிட்டா இதுக்குள்ளயே இருக்கும். இன்டர்நெட் தேவையில்ல. ஆனா வாளி எங்க இருக்கோ அங்கதான் பாக்கலாம்." பிறகு தன் போனை எடுத்துக் காட்டினாள். "என்னோடது அப்படியில்ல. அதாலதான் காலையில கேட்ல இருந்தே ஒங்களுக்கு மெயில் போட முடிஞ்சிச்சி."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் கண்டிக்கு பஸ் ஏறியதுமே அவள் கதிரையில் இருந்தபடி மிஸ்ஸுக்குத் தன் போனிலிருந்து மெயில் போட்டிருக்கிறாள். கேட்டில் நிற்கிறேன், பிரின்ட் இல்லை, மன்னிக்கவும் என்று. மிஸ் பார்த்துவிட்டு, போனை அணைத்துவிட்டு உள்ளே வந்து வரிசையில் உட்காரச் சொல்லியிருக்கிறார். நான் குப்பைத் தொட்டிக்குள் பிரின்டரைத் திணித்துக்கொண்டிருந்த நேரம் அவள் ஃபேன் காற்றில் உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"எங்க கம்ப்யூட்டர் டெஸ்ட் ஒன்னு இருக்கு" என்றார் மிஸ். மெனேஜரைப் பார்த்தார். அவர் கையை அசைத்தார். "ஆனா சேர் சொல்றாரு, அது முடிஞ்சிதாம்."

வேலை அவளுக்குத்தான். நியமன மெயில் அவளுடைய போனுக்கே வந்தது. மாமாவுக்கு அதில் கொஞ்சம் மனக்குறை. மேசை இல்லாத மெயில்.

ஆனால் அன்றைய கதை அங்கே முடியவில்லை. சாமானைக் கட்டிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். மீசைக்காரர் வெளியே போகிற சாமானுக்குப் பாஸ் கேட்டார். பாஸ் எழுதுகிறவர் லீவு. பாஸில் உள்ளே வந்த சாமானின் பெயர்தான் இருக்க வேண்டும். புத்தகத்தில் ஈமெயில் என்று இருக்கிறது. தொட்டிக்குள் இருப்பது கம்ப்யூட்டர். கம்ப்யூட்டர் உள்ளே வந்ததாகப் பதிவே இல்லை. வராத சாமானை எப்படி வெளியே விடுவது?

"ஈமெயில கொண்டு போ, மல்லி" என்றார். "கம்ப்யூட்டர் இருக்கட்டும்."

வெறும் கையோடு கண்டிக்கு வந்தேன். ரோஸ் தொட்டியையும் அவர் விடவில்லை.

ஹாஜியாரிடம் சொன்னேன். அவர் கதிரையில் உட்கார்ந்தார். "அப்ப என்ட மெயில்?"

"அது ஃபெக்டரியில இருக்கு. புதுசா வர்றது பைப்ல இருக்கு."

"எந்த பைப்ல?"

பக்கத்துக் கொமினிகேசன் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய வாளி என்று அடித்தார்கள். திறந்தது. அள்ளிக்கொண்டு போக ஆள் இல்லாததால் அன்று வந்த மெயில் எல்லாம் அங்கேயே நின்றது. ஹாஜியார் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தார். வாயைத் திறந்தபடி பார்த்தார்.

"இது மாடி ஏறாமலே வருதேடா" என்றார். அவருக்கு முழங்கால் வலி.

பாஸ் கிடைத்துக் கம்ப்யூட்டர் திரும்பி வந்தபோது அவர் போனில் மெயில் பார்க்கப் பழகியிருந்தார். மருமகன் வந்து பாஸ்வர்டை மாற்றிவிட்டார். (இப்போது அது சின்ன வாளி. இதையும் ஹாஜியார் ஒரு கந்தூரி விருந்தில் சத்தமாகச் சொல்லிவிட்டார்.) நான் வழக்கம்போல் அந்தப் பெட்டிகளைத் தூசு தட்டுகிறேன்.

நிரோஷா இன்னும் அந்த ஃபெக்டரியில்தான் இருக்கிறாள். உட்காரக் கதிரை இருக்கிறது, சுழலுகிற கதிரை. நான் எப்போதாவது அவளைக் கூட்டிவரப் போனால், மீசைக்காரர் எழுந்து நின்று, "ஈமெயில் மஹத்தயா" என்று, ஐயா பட்டத்தோடு, சலூட் அடிக்கிறார். புதிதாக வந்த செக்கியூரிட்டிக்காரர்களுக்கும் என்னை அப்படித்தான் அறிமுகம்.

வீட்டில் சொல்லவே வேண்டாம். யாராவது உப்பு எடுத்து வரச் சொன்னால், "மச்சான அனுப்பாதீங்க, அடுப்போட கொண்டாந்துருவாரு" என்பாள் நிரோஷா. என் மகள் பள்ளிக்கூடத்தில் எழுதுகிற கொப்பியை மறந்துவிட்டு வந்த அன்று, "அப்பாக்கு சொல்லிறாதீங்க, ஸ்கூல தூக்கிட்டு வந்துருவாரு" என்று அழுதாள். நான் ஒன்றும் சொல்வதில்லை. சொல்ல ஒன்றும் இல்லை.

போன ஞாயிறு மாமா பன்விலயிலிருந்து வந்திருந்தார். தேநீர் குடித்துக்கொண்டே கேட்டார். "மாப்பிள்ளை, நம்ம வீட்டுல எடுத்த பழைய போட்டோ எல்லாம் நிரோஷாவோட ஃபெக்டரி கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருக்காளாமே. ஒங்களால எடுத்துத் தர முடியுமா?"

நான் தலையாட்டினேன்.

ஜெயந்தி எழுந்துபோய்க் கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.